ஆமை நடைக்கு ஊரையே கூட்டிப்போக வேண்டுமா?

மொட்டைமாடி:
போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் ஆபீஸ் கூட்டத்தோடு சென்னைக் கடற்கரையில் ‘ஆமை நடை’க்குப் போனேன், அதாவது ராத்திரியில் கரையோரம் நடந்து, முட்டையிட வரும் கடலாமையின் முட்டைகளைத் தேடிக் காப்பாற்றும் வேலைக்கு. பெயர்தான் நடை, பார்த்தால் ஊர்வலம். பங்குனி ஆமை ஒன்று அலையை விட்டு ஏறி வந்தது. நம் ஆட்கள் நாலு பேர் ஃபிளாஷ் அடித்தார்கள். அது அப்படியே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. முட்டையிட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நின்றாலும் லேசில் எழாது. ஏறி வரும்போதுதான் மிரளும். இதுவா இயற்கையோடு பழகுவது? வேடிக்கை பார்ப்பதை நிறுத்துங்கள், காவலுக்குப் பத்து பேர் போதும்.

மணல்கால்:
அந்தப் பத்து பேர் எங்கிருந்து வருவார்கள்? இந்த ஊரில் 1988-ல் மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த வேலை இது. நானும் முதலில் வேடிக்கை பார்க்க வந்தவன்தான். டயர் தடம் மாதிரி துடுப்புத் தடம் மணலில் ஏறி இறங்கியிருக்கும். அது திரும்பிய இடத்தில் கம்பை மெதுவாக ஊன்றிப் பார்ப்போம். கெட்டி, கெட்டி, கெட்டி... ஓரிடத்தில் மட்டும் பொசுக்கென்று இறங்கும். அப்புறம் படுத்துக்கொண்டு கையால்தான் தோண்ட வேண்டும். முழங்கை தாண்டியதும் விரலில் ஈரமாக, பிங்பாங் பந்து மாதிரி முட்டை தட்டும். நூற்றுக்கு மேல் இருக்கும். விட்டுவைத்தால் விடிவதற்குள் நாய் தோண்டிவிடும். அதனால் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைக்கிறோம். ஒருமுறை கையை விட்டுப் பார்த்தவன் அடுத்த வருஷமும் வருவான்.

மொட்டைமாடி:
நீங்கள் வந்தீர்கள், சரி. அன்றைக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு ஸ்டேட்டஸ் போட ஒரு படம் கிடைத்தது. அவ்வளவுதான்.

குப்பத்துக்காரன்:
ரெண்டு பேரும் ஃபிளாஷுக்கே சண்டை போடுங்கள். 2025 ஜனவரியில் சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேல் ஆமை செத்து ஒதுங்கியதே, அதற்கு யார் ஃபிளாஷ் அடித்தது? இழுவைமடி, அதாவது படகு பின்னால் இழுத்துப்போகும் பெரிய வலை, போடும் விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது என்று சட்டம், யார் கேட்கிறார்கள்? ஆமைக்கு நுரையீரல், மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். மடிக்குள் மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகும். எங்கள் ஃபைபர் படகில் சிக்கினால் வலையை அறுத்து விடுகிறோம், நஷ்டம் எங்களுக்கு.

மணல்கால்:
அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் செத்த ஆமைகளைக் கரையோரம் நடந்து நடந்து எண்ணியதில் ராத்திரி நடைக்காரர்களும் இருந்தார்கள். யாரும் நடக்காத கரை என்றால் அந்தக் கணக்கே வந்திருக்காது.

மொட்டைமாடி:
இதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் இருபது பேருக்கு மேல் வேண்டாம், ஃபோனை ஆரம்பத்திலேயே வாங்கி ஒரு பையில் போடுங்கள்.

குப்பத்துக்காரன்:
ஃபோனைப் பையில் போடலாம் சார். கடலைப் பார்த்துக் கட்டிய வீடுகளில் விடிய விடிய எரிகிற விளக்கை எந்தப் பையில் போடுவது? குஞ்சு பொரிந்தால் வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் ஓடும். எத்தனை காலையில் ரோட்டிலிருந்து பொறுக்கியிருக்கிறோம் தெரியுமா? உங்கள் வீடும் கடற்கரைப் பக்கம்தானே?

மொட்டைமாடி:
ஆமாம். மாடியில் ரெண்டு விளக்கு.