வெளிறிய தேனீயைப் பார்த்து ஏமாந்த கதை

கொட்டத் தெரியாத குட்டித் தேனீயான கொசுத் தேனீயில் கறுப்பு ரகம், பழுப்பு ரகம் என்று இரண்டு உண்டென்று நானும் ஒரு காலத்தில் அடித்துப் பேசியவன்தான்.

நண்பர் ஒருவர் கொடுத்த இரண்டு பெட்டிகள் என்னிடம் இருந்தன. ஒன்றின் வாசலில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கறுத்த பிசின் குழாய். மற்றதில் குழாயே இல்லை. ஓட்டையைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம், தொட்டால் விரலில் ஒட்டும். மூடியைத் திறந்தால் முதல் பெட்டியில் எல்லாம் கறுப்பு, இரண்டாவதில் பாதிக்கு மேல் வைக்கோல் நிறம். சரி, இது வேறு இனமேதான் என்று முடிவு கட்டி நாலு பேரிடம் பீற்றிக்கொண்டும் ஆயிற்று.

அடுத்த மாதம் திறந்தபோது வைக்கோல் நிறத்தில் ஏழெட்டுதான் மிச்சம்! புழு வளரும் அறையிலிருந்து புதிதாக வெளிவரும் தேனீ வெளிறித்தான் இருக்கும், உடல் கெட்டிப்பட்ட பிறகே கறுக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. வாசலின் நிறமும் கிடைக்கிற பிசினைப் பொறுத்ததுதான்.

உடல் அளவையும் நம்ப முடியாது. புழுவுக்கு வேண்டிய மொத்த உணவையும் முதலிலேயே அறையில் நிரப்பி, ராணி முட்டையிட்டதும் மூடிவிடுகின்றன. அந்த ஒரே பந்தியில் குறைந்தால் தேனீயும் சிறுத்துப்போகும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டெட்ராகோனுலா கார்போனேரியா, டெட்ராகோனுலா ஹாக்கிங்சி என்ற இரண்டு கொசுத் தேனீ இனங்களை வேலைக்காரத் தேனீக்களை வைத்துப் பிரிப்பது மகா கஷ்டம். கூட்டைத் திறந்தால்தான் தெரியும்: முன்னதில் புழு அறைகள் சுருளாக ஏறும், பின்னதில் துண்டு துண்டாக அடுக்கியிருக்கும்.

மரபணு விஷயம் இன்னும் சுவாரசியம். புதுக்கூட்டுக்கு மெழுகும் தேனும் தாய்க்கூட்டிலிருந்துதான் வாரக்கணக்கில் சுமந்து வர வேண்டும். எனவே மகள் ராணி தூரமாகக் குடிபோக முடியாது. தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. இடத்துக்கு இடம் வேறுபட்டு நிற்க இது ஒரு முக்கியக் காரணம். ஆண் தேனீக்களுக்கு அந்தக் கட்டு இல்லை, பிற கூடுகளைத் தேடிப் பறந்துபோய் மற்ற மரபணுக்களைக் கலந்துவிடும்.

இதையெல்லாம் நண்பரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தார். என் இரண்டு பெட்டிகளுமே அவர் வீட்டு ஒரே கூட்டிலிருந்து பிரித்தவையாம்.