ஆளுக்கு ஓர் ஊர் சொல்கிறோம், நடுவில் இருக்கும் ஊருக்குப் போவதுதான் சமரசமா?

மழைச்சாரல்:
திருமணமாகி எட்டு வருடம், ஆறு வயதில் ஒரு மகள். இருக்கிற வாடகை வீட்டை ஓனர் விற்கப் போகிறார், நான்கு மாதத்தில் காலி செய்ய வேண்டும். எப்படியும் சாமான் கட்டத்தான் போகிறோம், ஊரையே மாற்றிவிடலாமே என்று ஒரு ராத்திரி பேச்சு வந்தது. அன்றிலிருந்து இதே பேச்சுதான்.

நான் சொல்வது பெரிய நகரம். நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள், என் துறையில் மேலே போக வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். ஒரு நிறுவனத்தில் இரண்டு சுற்று இன்டர்வியூவும் முடிந்துவிட்டது. கணவர் சொல்வது அவருடைய அப்பா அம்மா இருக்கும் சின்ன ஊர். அவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார், எங்கே இருந்தாலும் சம்பளம் வரும். மாமாவுக்குப் போன வருடம் இருதய ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு மனசு அங்கேயே இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே ஆறு மணி நேரப் பயணம்.

சரியாக நடுவில் ஒரு ஊர் இருக்கிறது, அங்கே போய் வீடு பார்த்தோம். வீடு நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது காரில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் இருவருக்குமே அந்த ஊர் பிடிக்கவில்லை, ஆனால் எங்களுக்குள் சண்டை வராத ஒரே ஊர் அதுதான். இதைத்தான் சமரசம் என்கிறார்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் முன்பு அவருக்கு வேலை மாறியபோது நான் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தேன். மறுபடி வேலை கிடைக்க இரண்டு வருடம் ஆனது, அதுவும் முன்பு இருந்ததைவிட ஒரு படி கீழே. இப்போது அதை எடுத்தால் "அப்போது நீதானே சரி என்றாய்" என்கிறார். உண்மைதான், நான்தான் சரி என்றேன். இருந்தாலும் அந்த வார்த்தை உள்ளே தைத்துக்கொண்டே இருக்கிறது.

பழைய சூட்கேஸ்:
நடு ஊருக்குப் போகாதீர்கள். இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். எனக்கு ஒரு பக்கம் வேலை, மனைவிக்கு எதிர்ப்பக்கம் வேலை, யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நடுவில் வீடு எடுத்தோம். காலையில் ஆளுக்கு ஒரு திசையில் ஒன்றரை மணி நேரம் போய், இரவு அதே மாதிரி திரும்பி வந்து, முகம் கழுவும்போதே தூக்கம் வந்துவிடும். அந்த ஊரில் மூன்று வருடம் இருந்தும் எங்களுக்கு அங்கே ஒரு நண்பர்கூட இல்லை, ஏனென்றால் அந்த ஊரில் நாங்கள் வாழவே இல்லை, தூங்கினோம், அவ்வளவுதான். இரண்டு பேரும் சமமாகக் கஷ்டப்பட்டதால் யாரிடமும் குறை சொல்ல முடியவில்லை, அதனால் அது தப்பு என்று ஒப்புக்கொள்ளவே மூன்று வருடம் ஆகிவிட்டது.

அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரே என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுகளாகச் சேகரித்த தரவை எடுத்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலைக்குப் போய்வரும் நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைகிறது, அதிகச் சம்பளமோ நல்ல வீடோ அதை முழுசாக ஈடுகட்டவில்லை என்று கண்டார்கள். வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய் முடிவு எடுக்கிறோம், தினமும் ரோட்டில் கழியும் நேரத்தை அப்போது யாரும் நினைப்பதில்லை. உங்கள் விஷயத்தில் நடு ஊரில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் மூன்று மணி நேரம். நகரத்து வேலைக்குத் தினமும் போய்வர முடியாது, மாமாவுக்கு இரவில் நெஞ்சு வலித்தால் உடனே ஓடவும் முடியாது. அப்புறம் எதற்கு அந்த ஊர்?

வேப்பமரத்தடி:
அக்கா, நான் உங்கள் கணவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்பது ஊரையா, அப்பா பக்கத்தில் இருப்பதையா? இரண்டும் ஒன்று மாதிரித் தெரியும், ஒன்று இல்லை. என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது நானும் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். என் மனைவிதான் உட்காரவைத்து, "அம்மாவுக்கு என்னென்ன வேண்டும், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு செக்கப், மாத்திரை வாங்கித்தர ஓர் ஆள், இரவில் கூப்பிட்டால் வர ஓர் ஆள், அப்புறம் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நான் அங்கேயே இருந்தால்தான் நடக்கும் என்று அதில் இருந்தது இரவுத் துணை மட்டும்தான், அதற்கும் பக்கத்து வீட்டில் இருந்த சித்தி பையன் நான் இருக்கிறேன் என்று வந்தான். எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகுதான் அம்மாவிடமே கேட்டோம். அவர் "நீங்கள் பிழைப்பை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கவலை வேறு சேரும்" என்று சொல்லிவிட்டார். மாமாவிடம், அத்தையிடம் யாராவது கேட்டீர்களா?

நகரம் என்றால் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஆய்வகம், அவருக்கு ஞாபகம் வருவது நெரிசல். டேனியல் கானெமனும் டேவிட் ஷ்கேடும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களிடமும் கலிஃபோர்னியா மாணவர்களிடமும் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குத்தான் சந்தோஷம் அதிகமாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் நினைத்தது. ஆனால் அவரவர் வாழ்க்கையைப் பற்றி அவரவரிடம் கேட்டபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு திருப்திதான். தூரத்தில் இருந்து ஓர் ஊரை நினைக்கும்போது வெயில், மழை மாதிரி கண்ணுக்குப் பட்டெனத் தெரிவதையே பெரிதாக நினைக்கிறோம். போய்க் குடியேறிய பிறகு நம் நாளைத் தீர்மானிப்பது வேறு விஷயங்கள். அதனால் எந்த ஊர் என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அங்கே எப்படி இருக்கும் என்று இரண்டு பேரும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

கணக்குநோட்டு:
அந்தப் பழைய இடமாற்றத்தை முதலில் பேசி முடியுங்கள் சகோதரி. அதைப் பேசாமல் இதைப் பேச முடியாது.

உங்களுக்கு நடந்ததை ஜேக்கப் மின்சர் என்ற பொருளியலாளர் 1978இலேயே விளக்கியிருக்கிறார். குடும்பம் என்ற ஒரே கணக்கில் கூட்டிப் பார்த்தால் லாபம், அதனால் நகர்கிறார்கள். ஆனால் அந்த மொத்த லாபத்துக்குள் ஒருவருக்கு நஷ்டம் இருக்கலாம், தனியாளாக இருந்திருந்தால் அவர் நகர்ந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவரைக் கட்டுண்டு நகர்பவர் என்கிறார். இதற்கு மறுபக்கமும் உண்டு, தனியாளாக இருந்தால் கிளம்பிப் போயிருப்பார், குடும்பத்துக்காகத் தங்கிவிடுகிறார், அவர் கட்டுண்டு தங்குபவர். ஐந்து வருடம் முன்பு நீங்கள் முதல் வகை. இப்போது அவர் ஊருக்குப் போனாலும் முதல் வகைதான், எங்கேயும் போகாமல் இருந்தால் இரண்டாவது வகை. "நீதானே சரி என்றாய்" என்பது அதனால்தான் பதில் ஆகாது. நீங்கள் சரி என்றது குடும்பக் கணக்குக்கு. உங்கள் பங்குக்கு விழுந்த நஷ்டத்தை வீட்டில் யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைக்க வேண்டும் என்றுதான் நான் சொல்லவருகிறேன். வாழ்நாள் முழுக்க எந்த ஊர் என்று முடிவு செய்யப் பார்த்தால் யாரும் விட்டுத்தர மாட்டார்கள், விட்டுத்தரவும் கூடாது. காலத்தைப் பிரியுங்கள். இந்த மூன்று வருடம் இங்கே, எந்த மாதத்தில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம், அதற்குள் என்ன நடந்தால் சரிவரவில்லை என்று ஒப்புக்கொள்வோம், யார் வேலையை விடுகிறாரோ அவருக்குப் படிப்புக்கோ தேடலுக்கோ சேமிப்பில் எவ்வளவு ஒதுக்குவோம், எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எழுதிவைத்தோம். மறுபேச்சு நாளை மகளின் பள்ளி ஆண்டு முடியும் நேரத்தோடு சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் "நடு வருடத்தில் எப்படி மாற்றுவது" என்றே தள்ளிப்போகும். "போய்ப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம்" என்று வாயால் மட்டும் சொன்ன எத்தனையோ பேர் திரும்பவே இல்லை.

பழைய சூட்கேஸ்:
கணக்குநோட்டு சொல்வதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். காலம் பிரிக்கும்போது ரொம்பச் சின்னதாகப் பிரிக்காதீர்கள். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண நட்பு உருவாகவே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் என்கிறார். வேலை, குழந்தை எல்லாம் போக வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது, அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு நல்ல நண்பருக்கு இரண்டு வருடம். முதல் வருடம் எந்த ஊரும் அந்நியமாகத்தான் இருக்கும். அதை வைத்து ஊரைத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

மழைச்சாரல்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மகள் தூங்கிய பிறகு வேப்பமரத்தடி சொன்னபடி ஆளுக்கு ஒரு தாளில் செவ்வாய்க்கிழமையை எழுதினோம். அவர் தாளில் அப்பா ஒரே ஒரு வரியில்தான் இருந்தார், "இரவு போன் அடித்தால் பயமில்லை" என்று. படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆறு மாதமாக நான் அதை ஊர்ப்பாசம் என்று நினைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறேன். அப்புறம் நான் அந்தப் பழைய வார்த்தையைப் பற்றிச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "அந்த இரண்டு வருடம் நீ வீட்டில் நிம்மதியாக இருக்கிறாய் என்றுதான் நினைத்தேன்" என்றார். நினைத்திருக்கிறார், ஒரு தடவை கேட்டிருக்கலாம். அதையும் சொன்னேன்.

நடு ஊர் இல்லை என்று முடிவாகிவிட்டது. நகரத்தில் மூன்று வருடம், மாதத்தில் ஒரு வாரம் அவர் அங்கே போய் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டே வேலை செய்வது, இப்படி ஒரு யோசனை வந்திருக்கிறது. மாமாவிடம் இன்னும் பேசவில்லை, ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போகிறோம். அவர் வேறு மாதிரிச் சொன்னால் மறுபடி யோசிக்க வேண்டியதுதான். கணக்குநோட்டு அண்ணா, ஒரு கேள்வி. எழுதிவைத்த காகிதத்தை நீங்கள் இடையில் எடுத்துப் பார்ப்பீர்களா, இல்லை மூன்று வருடம் கழித்துத்தானா?

கணக்குநோட்டு:
ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முதல் தடவை எடுத்தபோதே இரண்டு வரியை அடித்து மாற்றி எழுதினோம். அவர் அங்கே போகும் அந்த ஒரு வாரம் உங்கள் வீட்டில் மகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இப்போதே அதில் சேர்த்துவிடுங்கள், நாங்கள் விட்ட வரி அதுதான்.