ரெபேகா ஆந்த்ராடேவை உருவாக்கியது வறுமைதானா?

கேள்வி: மாடிப்படி

வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். பாரிஸ் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் தரைப் பயிற்சிப் பதக்க மேடையில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸும் ஜோர்டன் சைல்ஸும் இரண்டு பக்கமும் முட்டி போட்டு, நடுவில் நிற்கிறவரைப் பார்த்துக் கைகளை நீட்டி வணங்குவார்களே, அந்தப் படத்தை அச்சடித்து பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறாள். நடுவில் நிற்கிற அக்காவின் கதையைச் சொல்லு என்று தினமும் ராத்திரி நச்சரிப்பு. சரி, தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பிரேசில்காரர், பெயர் ரெபேகா ஆந்த்ராடே, ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பம் என்பது வரை தெரிந்தது. ஆனால் பார்த்த காணொளிகள் எல்லாமே "ஏழையாகப் பிறந்ததால்தான் அந்த வெறி வந்தது, அதுதான் அவரை ஜெயிக்க வைத்தது" என்றே முடிகின்றன. இதை என் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் அக்கா நன்றாக ஓடுவாள், மாவட்டப் போட்டி வரைக்கும் போனவள். மைதானத்துக்குப் போய்வரப் பேருந்துக் காசு இல்லாமல் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டாள். அவளுக்கும் அதே வறுமைதான், வெறியும் இருந்தது. அப்படியென்றால் ரெபேகாவுக்கு மட்டும் என்ன நடந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கிழக்குத்திண்ணை

நல்ல கேள்வி. பல வருடங்களாக ஜிம்னாஸ்டிக்ஸ் பார்த்து வருகிறேன், ரெபேகா எனக்கு ரொம்பப் பிடித்தவர், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஊர் குவாருல்யோஸ். சாவோ பாவ்லோவை ஒட்டிய பெரிய நகரம், அங்கே பன்னாட்டு விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் காலை வைப்பதே இந்த ஊரில்தான். 1999 மே மாதம் அங்கே பிறந்தார். அம்மா ரோசா வீட்டு வேலை செய்து எட்டுப் பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர். அந்த ஊரில் நகராட்சி ஒரு உள்விளையாட்டரங்கத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாக ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக் கொடுத்து வந்தது. ரெபேகாவின் அத்தை ஒருவருக்கு அங்கே வேலை கிடைத்தது, அவர்தான் நாலு வயதுக் குழந்தையைக் கையோடு கூட்டிப் போனார். கட்டணம் என்று ஒன்று இருந்திருந்தால் இந்தக் கதை அந்த வாசலோடு முடிந்திருக்கும்.

உங்கள் அக்காவின் பேருந்துக் காசு பற்றி எழுதியிருந்தீர்கள், படித்ததும் எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் இங்கேயும் அதேதான். அம்மா தான் வேலைக்கு நடந்துபோய், மிச்சமான பேருந்துக் காசை மகளின் பயிற்சிக்குக் கொடுத்திருக்கிறார். அதுவும் இல்லாத நாட்களில் அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து நீண்ட தூரம் நடத்தியே கூட்டிப் போவார், பயிற்சி முடிந்ததும் அதே தூரம் திரும்பி நடை. அப்புறம் ஒரு சைக்கிள் கிடைத்தது, அதில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். தூரம் குறையவில்லை, அந்தத் தூரத்தைக் கடக்க வைக்க ஆள் இருந்தது, போய்ச் சேருகிற இடத்தில் காசு கேட்காத ஒரு அரங்கம் இருந்தது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இன்னொன்றும் சொல்லணும். 2003இல் தாயானி தோஸ் சாந்தோஸ் தரைப் பயிற்சியில் உலகச் சாம்பியன் ஆனார். பிரேசிலுக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் அதுதான் முதல் உலகத் தங்கம், அதை வாங்கியவர் ஒரு கறுப்பினப் பெண். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் இந்தக் குழந்தை அரங்கத்துக்குள் நுழைகிறது, அங்கே இருந்தவர்கள் அவளை "குவாருல்யோஸின் குட்டித் தாயானி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பதினெட்டு வருடம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் ரெபேகா பதக்கம் வென்றபோது தொலைக்காட்சி வர்ணனையில் உட்கார்ந்திருந்த தாயானி பேச முடியாமல் அழுதார். அதைப் பார்த்து நானும் அழுதேன்.

பதில்: நெல்லிமரம்

கிழக்குத்திண்ணை அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் அரங்கம் இருந்தது, அதனால் வந்தார் என்று மட்டும் சொன்னால் அந்த அம்மாவுக்கு நியாயம் செய்ததாக ஆகாது. பத்து வயது வாக்கில் பெண்ணை வீட்டைவிட்டு வேறு ஊருக்கு அனுப்பச் சொன்னபோது அனுப்பினார் இல்லையா? முதலில் குரிச்சிபா, பிறகு ரியோவில் ஃபிளமெங்கோ கிளப். எத்தனை தாய்மார்களுக்கு அந்தத் துணிச்சல் வரும்?

நம் தீபா கர்மாகரையும் நினைத்துப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இவர்கள் இரண்டு பேரும் ஒரே அரங்கில் ஆடினார்கள். ஓடிவந்து மேசையில் கை ஊன்றிப் பாய்கிற வால்ட் போட்டியில் தீபா நான்காவது இடம், வெண்கலம் போனது 0.150 புள்ளியில். எல்லாக் கருவிகளிலும் ஆடி மொத்தப் புள்ளியைப் பார்க்கிற ஆல்ரவுண்ட் இறுதியில் ரெபேகா பதினொன்றாவது. திரிபுராவில் சரியான கருவிகள் இல்லாமல் ஆரம்பித்த தீபாவை அவ்வளவு தூரம் கொண்டுபோனதில் பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தியின் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, பக்கத்தில் ஒரு மனிதர் விடாமல் நிற்க வேண்டியிருக்கிறது. அம்மாவோ அண்ணனோ பயிற்சியாளரோ, யாராவது.

பதில்: முழங்கால்வைத்தியம்

நான் பிசியோதெரபிஸ்ட். எல்லாரும் குழந்தைப் பருவத்தோடு நிறுத்திவிட்டீர்கள், எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப்படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். 2015, 2017, 2019 என மூன்று முறை வலது முழங்காலில் ஏசிஎல் கிழிந்து மூன்று முறையும் அறுவை சிகிச்சை. முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் நழுவாமல் பிடித்து வைக்கிற தசைநார் அது. ஒருமுறை கிழிந்து சரி செய்தாலே பழையபடி குதிக்க ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகும். முதலில் வீக்கம் வடியணும், அப்புறம் காலை முழுசாக நீட்டப் பழகணும், மெலிந்துபோன தொடைத் தசையைத் திரும்பக் கொண்டுவரணும். என்னிடம் வருகிறவர்களில் இரண்டாவது முறை கிழிந்ததும் விளையாட்டே வேண்டாம் என்று போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

இவருக்கும் விட்டுவிடத் தோன்றியிருக்கிறது, அம்மாதான் தேற்றியிருக்கிறார். பதின்மூன்று வயதிலிருந்தே உளவியல் நிபுணரிடம் போய்வருவதாகவும், அது இல்லாமல் தாங்கியிருக்க முடியாது என்றும் அவரே பல பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அறுவை சிகிச்சை, பிசியோ, மன ஆலோசனை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பெரிய கிளப்பும் ஒலிம்பிக் கமிட்டியும் இருந்தன. வறுமை ஜெயிக்க வைத்தது என்று சொல்கிறவர்கள் இந்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இப்போது அவருடைய வால்ட்டைப் பாருங்கள். ஓடிவந்து துள்ளுபலகைக்கு முன்னால் கை ஊன்றிச் சுழன்று திரும்புகிற ரவுண்ட் ஆஃப் போட்டு, பின்பக்கமாக எழும்பி, மேசையில் கை படுவதற்குள் அரைச் சுற்று திரும்பி, கையால் தள்ளி மேலே போய், உடம்பை நீட்டியபடி குட்டிக்கரணத்தோடு ஒன்றரைச் சுற்று. செங் என்று அதற்குப் பெயர். இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் முட்டியில் விழும். மூன்று முறை தைத்த முட்டியோடு டோக்கியோவில் அதைப் போட்டுத் தங்கம் வாங்கினார்.

பதில்: கிழக்குத்திண்ணை

பிசியோ அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அதை நான் எழுதாமல் விட்டது தப்பு. 2019இல் இவர் அடிபட்டுக் கிடந்தார், பிரேசில் அணிக்கே டோக்கியோ இடம் கிடைக்கவில்லை. 2021 ஜூனில் பான் அமெரிக்கன் போட்டியில் ஜெயித்துத் தனியாளாகத் தகுதி பெற்றார். அங்கே போய் ஆல்ரவுண்டில் வெள்ளி, தங்கம் வாங்கிய சுனிசா லீயைவிட 0.135தான் குறைவு. தரைப் பயிற்சியில் பழைய ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையையும் ஃபவேலா ஃபங்க் இசையையும் கலந்து ஆடினார். ஏழைக் குடியிருப்புகளின் இசை என்று பலர் முகம் சுளிக்கிற அந்தத் தாளம் ஒலிம்பிக் அரங்கில் ஒலித்ததே, அந்த ஒன்றரை நிமிடத்தை உங்கள் பெண்ணுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

2022இல் லிவர்பூலில் ஆல்ரவுண்ட் உலகச் சாம்பியன். பாரிஸில் அணிக்கு வெண்கலம், ஆல்ரவுண்டிலும் வால்ட்டிலும் வெள்ளி, பிறகு நீங்கள் சொன்ன அந்தப் படத்தின் தங்கம். 14.166க்கு 14.133, பைல்ஸை முந்தியது 0.033இல். அந்தப் பதக்கத்தோடு மொத்தம் ஆறு, பிரேசிலில் வேறு யாருக்கும் இத்தனை ஒலிம்பிக் பதக்கம் இல்லை. அதற்கு முன்னால் ஐந்து பதக்கத்தோடு முன்னிலையில் இருந்த இரண்டு பேரும் பாய்மரப் படகு வீரர்கள். படகு வாங்க என்ன செலவாகும் என்று யோசித்தால் இந்தப் பெண் யாரைத் தாண்டி வந்திருக்கிறார் என்று புரியும்.

கேள்வி கேட்டவர்: மாடிப்படி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி பிள்ளைக்குச் சொல்லும்போது அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அண்ணன் சைக்கிள் வருகிற இடத்தில் "அதை இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போகும்போது, பிள்ளையைச் சனிக்கிழமை வகுப்புக்கு இனிமேல் நானே கூட்டிப் போகிறேன், நேரத்தை மட்டும் எழுதி வை என்றாள்.

பிசியோ அக்கா, ஒரு சந்தேகம். எட்டு வயதில் குதித்து இறங்கும்போது முட்டிக்கு எதைக் கவனிக்கணும்?

பதில்: முழங்கால்வைத்தியம்

இறங்கும்போது இரண்டு முட்டியும் மடங்கியிருக்கணும், ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாயக் கூடாது. இறங்குகிற இடத்தில் விரித்த பாய் தடிமனாக இருக்கணும். வலி என்று சொன்னால் அன்றைக்கு வகுப்பு வேண்டாம். உங்கள் அக்காவைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஓடினவர்களுக்கு அது உடனே கண்ணில் பிடிபடும்.