மியூச்சுவல் ஃபண்டில் ரெகுலர் திட்டத்திலிருந்து டைரக்ட் திட்டத்துக்கு எப்படி மாறினீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். அம்மா பெயரில் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி 50 பட்டியலில் உள்ள கம்பெனிகளின் பங்குகளில் அப்படியே முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட்) மூன்று வருடமாக மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி., அதாவது மாதத் தவணை முதலீடு, போகிறது. நேற்று ராத்திரி ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்தபோதுதான் ஃபண்டின் பெயருக்குப் பக்கத்தில் 'ரெகுலர் பிளான்' என்று இருந்தது கண்ணில் பட்டது. இதில் முகவரின் கமிஷன் வருடா வருடம் நம் பணத்திலிருந்தே கழிகிறது. அதே ஃபண்டின் டைரக்ட் திட்டத்தில் அது கிடையாது. 2013இலிருந்தே அந்த வசதி இருக்கிறது. சேர்த்துவிட்டவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, மாறலாம் என்றால் அதை விற்று வாங்கியதாகவே வரிக் கணக்கில் எடுப்பார்கள். ஒவ்வொரு தவணையில் வாங்கிய யூனிட்டுகளுக்கும் (ஃபண்டில் நம் பங்கின் அலகு) வாங்கிய தேதியிலிருந்து தனித்தனியாகக் கணக்கு. ஒரு வருடம் தாண்டிய யூனிட்டுகளின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. மேலே போனால் 12.5 சதவீதம். கடைசி 12 தவணைகளின் லாபத்துக்கு 20 சதவீதம்.

அதனால் எஸ்.ஐ.பி.யை நிறுத்தி டைரக்டில் புதிதாகத் தொடங்கிவிட்டு, பழைய யூனிட்டுகளை மட்டும் இப்போது மாற்றி, மற்றவற்றை வருடம் முடிய முடிய மாற்றலாமா? எக்ஸிட் லோடை (சீக்கிரம் வெளியே எடுத்தால் ஃபண்ட் பிடிக்கும் கட்டணம்) எங்கே சரிபார்ப்பது? அம்மாவுக்கு இந்தப் பணம் ஏழு வருடத்துக்குத் தேவைப்படாது. இப்படி மாறியவர்கள் செய்த விதத்தை விவரமாகச் சொல்லுங்கள்.