"சிடி இருக்காம்மா?" – ஆன்லைனில் ஆல்பம் விட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மயிலாப்பூர் பாட்டுக்காரி:

போன மார்கழியில் கச்சேரி முடிந்து தம்புராவை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசை மாமா ஒருவர் மேடையோரம் வந்து, "தோடி பல்லவி ரெக்கார்டா வந்திருக்காமே, சிடி இருக்காம்மா?" என்றார். சிடி போடவில்லை மாமா என்று கியூஆர் கோடு அச்சடித்த அட்டையைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எதுல போட்டுக் கேக்கணும்?" என்றார்.

என் குரு காலத்தில் கம்பெனி கூப்பிட்டால்தான் கேசட். நான் யார் கூப்பிடவும் காத்திருக்கவில்லை. வாடகை ஸ்டூடியோவில் இரண்டு நாள் பாடினேன், பாட்டை ஆன்லைன் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகத் தளம் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன், ராத்திரி உட்கார்ந்து நானே ஏற்றினேன். அங்கே ஒரு படிவம். "இயற்றியவர்: முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம்." ஆல்பத்தில் ஒரு கீர்த்தனை தியாகராஜருடையது. அவருக்குக் கடைசிப் பெயர் ஏது? முதல் பெட்டியில் "தியாகராஜ", அடுத்ததில் "சுவாமிகள்". ஏற்றுக்கொண்டது.

பதினைந்தாம் நாள் அந்தக் கீர்த்தனைக்கு உரிமைக் கோரல் வந்தது. வேறு யாரோ பாடிய ஒலிப்பதிவோடு ஒத்துப்போகிறதாம். 1847-ல் சமாதியானவரின் கீர்த்தனை. ராகமும் தாளமும், குரு வழியாக வந்த பாடாந்தரமும் ஒன்று என்றால் ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்? விளக்கம் எழுதிப் போட்டு, மூன்று வாரம் கழித்து விலகியது.

நிஜமான குடைச்சல் பல்லவியில்தான். ஆலாபனையில் தொடங்கி ஸ்வரத்தில் முடியும் ஒரே உருப்படி, மொத்தம் 42 நிமிடம். ஒருவர் 30 விநாடி கேட்டாலே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. முழு 42 நிமிடமும் கேட்டாலும் அதே ஒன்றுதான். நாலாக வெட்டு, நாலு கணக்கு வரும் என்றார்கள். ஆலாபனை, தானம், பல்லவி, ஸ்வரம் என்று வெட்டினேன். இலவசமாகக் கேட்பவர்கள் போனில் அது வரிசை கலைந்து ஓடியது. ஸ்வரம் முடிந்த பிறகு ஆலாபனை. மோர் சாதம் சாப்பிட்டவனுக்குச் சாம்பார் பரிமாறின மாதிரி.

உங்களுக்கெல்லாம் எப்படி?

கேசட் கடை, நெல்லை:

அம்மா, வெட்டுறது ஒண்ணும் புதுசு இல்ல. 78 சுற்று இசைத்தட்டுல ஒரு பக்கம் மூணு நிமிசம் சொச்சம்தான். எவ்வளவு பெரிய வித்வானும் அதுக்குள்ள ராகத்தை மடக்கித்தான் பாடியிருக்காங்க.

எங்க கடையில பதிவு பண்ணித் தருவோம். ஆளுங்க நோட்டுத் தாள்ல லிஸ்ட் எழுதிக் கொண்டாருவாங்க. அறுபது கேசட்னா பக்கத்துக்கு முப்பது நிமிசம், தொண்ணூறுன்னா நாப்பத்தஞ்சு. நிமிசத்தைக் கூட்டிப் பாத்து, எது ஏ சைடு எது பி சைடுன்னு நாந்தான் அடுக்குவேன். கடைசில நாலு நிமிசம் மிஞ்சிச்சுன்னா ஒரு காவடிச்சிந்து போட்டு ரொப்பிருவேன், காசு கிடையாது. அதைக் கேட்டுட்டு, "அண்ணாச்சி, அந்தக் கடைசிப் பாட்டு யாரு?"ன்னு முழு கேசட்டுக்கே திரும்ப வந்தவங்க உண்டு.

இப்ப அந்த அலமாரியில மொபைல் கவர் தொங்குது.

நாதஸ்வர வீட்டுப் பிள்ளை, திருவாரூர்:

அப்பா 1986-ல் ஒரு கேசட் வாசித்தார். ஒரே தொகை, கையில் கொடுத்தார்கள், கூட இருபது கேசட். ஒப்பந்தம் என்று ஒரு தாளும் வீட்டில் இல்லை. அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை.

போன வைகாசியில் சித்தப்பா மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் மண்டப ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஓடியது. பந்திக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நடுவில் நாதஸ்வரம் நின்று, தவில் மட்டும் நாலு ஆவர்த்தனம் ஓடும். அப்பா அங்கேதான் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, மாற்றினார். அதை வெட்ட வேண்டாம் என்று ஒலிப்பதிவு செய்தவரிடம் அவரே சொன்னதாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

ஸ்பீக்கர் வைத்த பையனின் போனை வாங்கிப் பார்த்தேன். "மங்கள வாத்தியம், பாகம் 3". வாசித்தவர் என்ற இடத்தில் நான் கேள்வியே படாத ஒரு பெயர். எங்கேயோ பழைய கேசட்டை வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, தன் பெயரில் விட்டிருக்கிறார்கள். மயிலாப்பூர் அக்காவுக்குப் படிவம் கேள்வி கேட்டது. இவர்களை ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது.

புகார் அனுப்பினேன். உரிமைக்கு ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இருப்பது கேசட் உறைக்குள் வைக்கும் அட்டை ஒன்றுதான். அப்பா படம், தவில்காரர் படம், ராகப் பட்டியல். அதைப் படம் எடுத்து அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. பணம் வேண்டாம், பெயரை மாற்றினால் போதும்.

கோவை கிட்டார்:

அண்ணே, உங்க கதைக்கு முன்னால என்னுது ஒண்ணுமே இல்லைங்க. ஆனாலும் சொல்றேன்.

நாங்க நாலு பேர், சொந்தப் பாட்டு. எட்டுப் பாட்டையும் சேர்த்து ஆல்பமா விட்டா ஒரு நாள் பேச்சோட முடிஞ்சுரும்ங்க. ஆறு வாரத்துக்கு ஒரு பாட்டு விடறோம். இரண்டாவது பாட்டு வரும்போது முதலாவதையும் அதோட சேர்த்து ஏத்தணும், மூணாவதுக்கு முதல் ரெண்டையும். பாட்டோட அடையாள எண் மாறாம பாத்துக்கிட்டா பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும். எட்டாவது வரும்போது தானா ஆல்பம் ஆயிருது. அதுக்குள்ள முதல் பாட்டு எங்களுக்கே சலிச்சுப்போச்சு, அது வேற.

காசு? ஸ்பாடிஃபையில 2024-ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவை ஓடினாத்தான் கணக்குலயே வரும். எங்க எட்டுல மூணு அதைத் தாண்டியிருக்கு.

ஒரு தடவை எல்லாப் பாட்டும் காணாமப் போச்சுங்க. பயந்துட்டோம். பாத்தா, எங்க டிரம்மரோட கார்டு காலாவதியாகி சந்தா போகலை. கேசட்னா யார் வீட்டுப் பரண்லயாவது கிடந்திருக்கும்.

வெளியீட்டு நாள் வெள்ளிக்கிழமை. 2015 ஜூலையில இருந்து உலகம் பூரா அப்படித்தான். அம்மா, "வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம்டா"ன்னாங்க. நடுராத்திரி பன்னெண்டுக்கு வரும்மான்னேன். "அப்பச் சரி"ன்னுட்டாங்க.

பழைய ஐடி ஆள்:

நான் பாடகன் இல்லை, கேட்பவன். ஒரு பாவமன்னிப்பு. ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவினர் 2007 அக்டோபர் 10 அன்று 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைத் தங்கள் தளத்திலேயே விட்டார்கள், விலையை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று. பெட்டி காலியாக இருந்தது. என் கார்டு வெளிநாட்டுக்குச் செல்லாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 0 என்று அடித்தேன். கார்டைப் போட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. பின்னால் அதையே சிடியாகக் காசு கொடுத்து வாங்கினேன்.

@மயிலாப்பூர் பாட்டுக்காரி, அந்த மாமா என்ன ஆனார்?

மயிலாப்பூர் பாட்டுக்காரி:

உண்டியலில் கையை விட்டுக் காசு போடாமல் எடுத்த ஆள் நீங்கள்தானா! :)

திருவாரூர் தம்பி, அந்த அட்டையின் பின்பக்கம் கம்பெனி பெயர், வரிசை எண் இருக்கிறதா பாருங்கள். அதே எண்ணுள்ள கேசட் வேறு யாரிடமாவது கிடைத்தால் அதையும் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பலாம். அண்ணாச்சி, உங்கள் பரணில் 1986 சரக்கு எதாவது?

மாமாவுக்குப் பென் டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பினேன். மறுநாளே போன். "பாட்டு பிரமாதம்மா. ஆனா என்ன, தானத்தைக் கடைசில பாடியிருக்கே?" அவர் பிளேயர் கோப்புகளை ஆங்கில எழுத்து வரிசையில் ஓட்டியிருக்கிறது. ஏ ஆலாபனை, பி பல்லவி, எஸ் ஸ்வரம், டி தானம். நாலுக்கும் முன்னால் 01, 02 என்று எண் போட்டு இன்னொரு பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன். இன்றைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.