செம்பனை ஆலையின் பதிவுகளை ஒன்றிணைத்து ஆபத்தை முன்னதாக அறிவது எப்படி?

ஆலைப் பொறியாளர், ரெங்கம்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ரெங்கம் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பணிபுரிகிறேன். எங்கள் கொதிகலனின் நீர்மட்டமும் நீராவி அழுத்தமும் மணிக்கொரு முறை லாக் புத்தகத்தில் கையால் எழுதப்படுகின்றன. பழுதுபார்ப்பு வேலைகள் தலைமையகத்தின் மென்பொருளிலும், ஆய்வுக்கூட முடிவுகள் எக்செல் கோப்புகளிலும், மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் பாதுகாப்பு அலுவலகத்தின் அலமாரியிலும் இருக்கின்றன.

2024 ஜூன் 1ஆம் நாள் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்ததிலிருந்து, ஆபத்து மதிப்பீடு செய்வது முதலாளியின் சட்டக் கடமையாக உள்ளது. ஆனால் எங்களிடம் அது ஆண்டுக்கொரு முறை நிரப்பி வைக்கும் படிவமாகவே நின்றுவிட்டது. எல்லாப் பதிவுகளையும் ஒரே திரையில் காட்டித் தருவதாக ஒரு நிறுவனம் விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறது. அதை வாங்கினால் ஆபத்து உண்மையிலேயே குறையுமா? எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற ஆலை மேலாளர், குளுவாங்

வணக்கம் தம்பி. திரையை வாங்குவது கடைசி வேலை; முதலில் எந்த ஆபத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்.

இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கில் 2005 டிசம்பர் 11ஆம் நாள் விடியற்காலையில் நடந்ததை நம் ஆலைகளில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியின் மட்டங்காட்டி ஒரே அளவில் சிக்கி நின்றுவிட, தொட்டியோ நிரம்பிக்கொண்டே இருந்தது. வரத்தைத் தானாக நிறுத்த வேண்டிய உயர்மட்ட சுவிட்சும் இயங்காததால் பெட்ரோல் வழிந்து, அதன் ஆவி முகிலாகப் பரவி வெடித்தது. 40 பேருக்கும் மேல் காயமுற்றனர், தீ பல நாள் எரிந்தது. பின்னர் நடந்த விசாரணையில், அந்த மட்டங்காட்டி ஆகஸ்ட் 31 முதல் அன்றுவரை 14 முறை சிக்கியிருந்தது தெரியவந்தது. சில வேளைகளில் மேற்பார்வையாளர்களே அதைச் சரிசெய்தார்கள், சில வேளைகளில் ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். ஆனால் அது ஒவ்வொரு முறையும் பழுதாகப் பதியப்படவில்லை. பதினான்கையும் ஒரே தாளில் வரிசையாக யாராவது பார்த்திருந்தால், அந்தக் கருவியை நம்பித் தொட்டியை நிரப்பியிருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்களுக்குக் கொதிகலன் நீரே சரியான தொடக்கம். நீரில் கடினத்தன்மையும் சிலிக்காவும் கூடினால் குழாய்களின் உட்புறத்தில் படிவு கட்டும். படிவு கட்டிய குழாய் தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்க முடியாமல் சூடேறி, புடைத்து, இறுதியில் வெடிக்கும். இதன் அடையாளங்கள் உங்கள் ஆலையில் வெவ்வேறு இடங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. நீரின் தரம் ஆய்வுக்கூடத்திலும், கொதிகலனின் அடியில் கசடு சேர்ந்த நீரை வெளியேற்றிய நேரம் லாக் புத்தகத்திலும், நீரூட்டும் பம்பைக் கழற்றி மாட்டிய விவரம் பட்டறையிலும், நீர்மட்டம் தாழ்ந்து எச்சரிக்கை மணி அடித்த செய்தி ஷிப்ட் மாறும்போது வாய்ச்சொல்லாகவும் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தனியே பார்க்கும்போது சாதாரணமாகத் தோன்றும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எல்லாப் பதிவுகளிலும் ஒரே அடையாள எண் கொடுத்து, நாளும் நேரமும் பொருந்தும்படி அடுக்கினால், தரம் கெட்ட வாரத்துக்குப் பின் பம்பு எத்தனை முறை நின்றது என்று கேட்க முடியும். இதற்கு எக்செல் போதும்.

தரவு ஆய்வாளர், சிகாமட்

ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். கொதிகலன் விபத்து மிக அரிதாக நடப்பதால், அதைக் கணினி கற்றுக்கொள்ளப் போதிய எடுத்துக்காட்டுகள் ஓர் ஆலையில் ஒருபோதும் சேராது. ஆகவே "வெடிப்பை முன்கூட்டியே கணிக்கும்" என்று விற்கப்படும் மென்பொருளை நம்ப வேண்டாம். வழக்கமான ஓட்டத்திலிருந்து விலகுவதைக் கண்டறிவதே நமக்கு இயலும் வேலை. பழுதுகளை மாதக்கணக்கில் எண்ணாமல், இயந்திரம் ஓடிய மணிக்கணக்கில் எண்ணுங்கள். இல்லையெனில் செம்பனைக் குலை வரத்து மிகுந்து ஆலை அதிக நேரம் ஓடும் மாதங்களெல்லாம் ஆபத்தான மாதங்களாகத் தோன்றும்.

எச்சரிக்கை மணிகளைக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. 1994இல் வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் 275 எச்சரிக்கைகள் வந்தன. எது முக்கியம் என்று பிரித்தறிய எந்த மனிதராலும் இயலாது.

குலை லாரிகளை நிறுக்கும் எடைப்பாலத்தின் பதிவையும் மறக்காதீர்கள். கொதிகலன் நின்றால் குலைகள் தேங்கும், தேங்கினால் எண்ணெயின் தரத்தைக் குறைக்கும் கட்டற்ற கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடும். அந்த இழப்பைப் பணமாகக் காட்டினால் நிருவாகமும் கவனிக்கும்.

கொதிகலன் இயக்குநர், லாயாங் லாயாங்

நான் படித்த பொறியாளர் அல்லன். உரிமம் பெற்றுக் கொதிகலன் ஓட்டுபவன். உங்கள் தரவு எங்கள் கையிலிருந்துதான் வருகிறது என்பதால் எழுதுகிறேன். நான் முன்பு வேலை செய்த ஓர் ஆலையில் நீர்மட்டம் தாழ்ந்ததை எழுதியவருக்கே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதன் பிறகு அந்தப் புத்தகத்தில் எல்லா மணிக்கும் ஒரே அளவுதான் இருந்தது. அத்தகைய புத்தகத்தை எந்த மென்பொருளில் ஏற்றினாலும் ஆலை நன்றாக இருப்பதாகவே காட்டும். பழுதை எழுதுபவருக்குத் தண்டனை இல்லை என்பதை மேலாளர் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும், எழுதியதற்கு என்ன செய்யப்பட்டது என்பதும் அதே புத்தகத்தில் திரும்பி வர வேண்டும். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தோழர்கள் பேசிப் பதிவு செய்யவும் வழி வையுங்கள்.

ஆலைப் பொறியாளர், ரெங்கம்

மூவருக்கும் நன்றி. விலைப்புள்ளியை ஒத்திவைக்கக் கேட்டு, கொதிகலன் நீரிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சிக்கல்: கொதிகலன் அறைக் கடிகாரமும் ஆய்வுக்கூடக் கணினியும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை. பழைய பதிவுகளை எப்படிப் பொருத்துவது?

தரவு ஆய்வாளர், சிகாமட்

பழையவற்றை மணிக்கணக்கில் பொருத்த முயலாமல் ஷிப்ட் வாரியாகச் சேருங்கள். நீரின் தரம் மெதுவாக மாறுவதால் அது போதுமானது. மின்தடை நேர்ந்த நாள்கள் இருந்தால் அவை எல்லாப் பதிவுகளிலும் தெரியும், அவற்றை வைத்து நேர வேறுபாட்டைச் சரிபார்க்கலாம். இனிமேல் எழுதுபவற்றுக்கு, ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் கொதிகலன் அறைக் கடிகாரத்தைக் கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.