ஃபுளூட் வாசிக்கும் குழந்தை சாய்ந்து சாய்ந்து நிற்கிறாள், எப்படித் திருத்துவது?

கேட்பவர்: பாதிசுரம்
என்னிடம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு மாதமாக ஃபுளூட் கற்கிறாள். மூங்கில் குழல் இல்லை, உலோக ஃபுளூட். நல்ல காது, ஒருமுறை கேட்டால் போதும். ஆனால் நாலு வரி வாசிப்பதற்குள் குழலின் நுனி தரையைப் பார்க்கும், தலை வலப்பக்கம் சாயும், இடது தோள் காதுவரை ஏறிவிடும். உட்கார்ந்தால் இன்னும் மோசம். வலது முழங்கையை நாற்காலியின் முதுகில் போட்டுக்கொள்கிறாள். "நிமிர்ந்து நில்" என்றால் அரை நிமிடம் சிப்பாய் மாதிரி விறைப்பாள், அப்புறம் பழைய கதைதான். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

பதில்: கடைசிவரிசை
டீச்சர், அந்த "நிமிர்ந்து நில்"லை முதலில் விடுங்கள். இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டைப் பாருங்கள். அதற்கு நேரெதிரே நெஞ்சைக் காட்டி நின்றால், வலது கையைப் பின்னால் இழுத்துத்தான் குழலைப் பிடிக்க முடியும். பாதங்களை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, முகத்தை மட்டும் இடப்பக்கம் ஸ்டாண்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். நாற்காலியையும் அப்படியே திருப்பிப் போடுங்கள்.

அடுத்தது கண்ணாடி. குழல் கீழே இருக்க, தோளைத் தளர்த்தி, முகத்தைத் திருப்பி நிற்கட்டும். பிறகு குழல் உதட்டுக்கு வரட்டும். உதடு குழலைத் தேடிப் போகக் கூடாது. ஒரே ஒரு நீண்ட சுரம், குழலை இறக்கு, மறுபடி. தினமும் பத்து முறை போதும்.

நான் ஒரு பையனின் தோளை ஒரு வருடம் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தவன். ஸ்டாண்டு அவன் நெற்றி உயரத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தது அவன் அம்மாதான்!

பதில்: மூச்சுக்காரி
கை எட்டுகிறதா என்றும் பாருங்கள். முழு அளவு ஃபுளூட் சுமார் 67 சென்டிமீட்டர். சின்னக் கைக்கு அது தூரம், அதனால்தான் தலை வலப்பக்கம் ஓடுகிறது. சிறுவர்களுக்கென்றே வளைந்த ஹெட்ஜாயின்ட், அதாவது வாய் வைத்து ஊதும் தலைப்பகுதி, உண்டு. அதைப் போட்டால் விரலால் அழுத்தும் சாவிகள் கிட்டே வந்துவிடும்.

இடது தோள் ஏறுவதற்குப் பெரும்பாலும் பிடிதான் காரணம். இடது ஆள்காட்டி விரலின் அடிக்கணு, வலது கட்டைவிரல், தாடை, இந்த மூன்றிலும் குழல் உட்கார வேண்டும். அடிக்கணு தாங்காவிட்டால் தோள் தூக்கத்தான் செய்யும். ஒன்று, நுனி கொஞ்சம் இறங்கினால் பதறாதீர்கள். உதட்டுக் கோடும் குழலும் இணையாக இருந்தால் சரி.

பாதிசுரம்
இன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். முழங்கை சாய இடமில்லாமல் அந்தரத்தில் தவித்தது, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அடிக்கணுவைத் தொட்டுக் காட்டியதும் தோள் தானாக இறங்கியது. தலை மட்டும் மூன்றாவது வரியில் மறுபடி சாய்கிறது. அளந்து பார்த்தேன், கை எட்டவில்லைதான். வளைந்த ஹெட்ஜாயின்டுக்கு அவள் அப்பாவிடம் பேச வேண்டும்.